மூன்று பெண்களின் பேச்சும் ஒரு மொழியின் மூச்சும்



ஒரு மொழி எங்கே வாழ்கிறது? ஏட்டில் வாழ்கிறது என்பார் சிலர். மேடையில் வாழ்கிறது என்பார் வேறு சிலர். பள்ளிக்கூடத்தில்தான் வாழ்கிறது என்று சொல்வாரும் உண்டு. மூன்றும் வேண்டியவைதாம். ஆனால், பொழுது விடிந்தது முதல் பொழுது சாயும் வரை நாம் பேசும் பேச்சைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். "எழுந்திரு, பஸ் வந்துவிடும்" என்று பிள்ளையை எழுப்புகிறோம். "குழம்பில் உப்புக் கூடிவிட்டதா?" என்று கேட்கிறோம். "இந்த மாதம் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள்?" என்று விசாரிக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையை வாசலில் நின்று பேசுகிறோம். இவற்றை யாரும் எழுதி வைப்பதில்லை. கேட்டுக் கைதட்டுவாரும் இல்லை. ஆயினும், ஒரு நாளில் நாம் பேசுவதில் பெரும்பங்கு இந்தச் சின்னப் பேச்சுத்தான்.

இந்தச் சின்னப் பேச்சு நின்றுபோனால் ஒரு மொழிக்கு என்ன ஆகும்? நின்றுபோன பேச்சை மறுபடியும் தொடங்க முடியுமா? ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் இருக்கும் அயர்லாந்து நாடு இந்தக் கேள்விகளோடு நெடுங்காலமாகப் போராடி வருகிறது. அந்த நாட்டில் மூன்று பெண்கள் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, தங்கள் நாட்டு மொழியில் சாதாரண வாழ்க்கையைப் பற்றிப் பேசினார்கள். சாதாரண வாழ்க்கையைப் பற்றிப் பேசுவதில் என்ன அதிசயம் என்று கேட்கத் தோன்றும். அது ஏன் பெரிய காரியம் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

அந்த மொழி எப்படிப்பட்டது?

அயர்லாந்து ஒரு தீவு. தீபகற்ப மலேசியாவை மூன்று பங்காக்கினால் ஏறத்தாழ இரண்டு பங்கு அளவு இருக்கும். அங்கே ஆங்கிலம்தானே பேசுகிறார்கள் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இன்று பெரும்பாலோர் பேசுவது ஆங்கிலம் என்பது உண்மைதான். ஆனால் அந்த மண்ணின் பழைய மொழி வேறு. அதற்கு ஐரிஷ் என்று பெயர். அம்மக்கள் அதைத் தம் மொழியில் 'கேல்கே' என்பார்கள். அது ஆங்கிலத்தின் கிளைமொழி அன்று. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிக்கு உடன்பிறப்பு. வேல்ஸ் நாட்டு மொழிக்குத் தூரத்து உறவு. ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன்பே அந்த மொழியைக் கல்லில் கோடுகளாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்த மொழியின் போக்கில் நமக்குப் பழக்கமான சில இயல்புகள் உண்டு. ஐரிஷ் மொழியில் 'ஆமாம்', 'இல்லை' என்பதற்குத் தனிச் சொல் கிடையாது. கேள்வியில் வந்த வினைச்சொல்லையே பதிலாகத் திருப்பிச் சொல்வார்கள். "பசிக்கிறதா?" என்று கேட்டால் நாமும் "பசிக்கிறது" என்றுதானே பல நேரம் சொல்கிறோம்? அதுபோலத்தான். இன்னொன்று, பசியையும் துக்கத்தையும் அவர்கள் மனிதன்மேல் வந்து உட்காரும் பொருளாகப் பார்க்கிறார்கள். 'எனக்குப் பசிக்கிறது' என்பதை 'என்மேல் பசி இருக்கிறது' என்பார்கள். 'வருந்துகிறேன்' என்பதை 'என்மேல் துயரம் இருக்கிறது' என்பார்கள். உட்கார்ந்த துயரம் ஒரு நாள் எழுந்து போய்விடும் என்ற ஆறுதல் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது போலும்!

பேச்சு எப்படி நின்றது?

இத்தகைய மொழி எப்படி நலிந்தது? பல நூற்றாண்டுகள் அயர்லாந்து ஆங்கிலேயர் ஆட்சியின் கீழ் இருந்தது. நீதிமன்றத்தில் ஆங்கிலம், அரசாங்க அலுவலகத்தில் ஆங்கிலம், சந்தையில் பெரிய வியாபாரமும் ஆங்கிலம். 1831-ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் பொதுப் பள்ளிகளை அரசாங்கம் தொடங்கியபோது, அங்கேயும் ஆங்கிலமே பயிற்றுமொழி ஆயிற்று.

அந்தக் காலத்தில் பல ஊர்களில் ஒரு கொடிய வழக்கம் இருந்தது. பிள்ளையின் கழுத்தில் ஒரு சிறு குச்சியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். அந்தப் பிள்ளை வாய் தவறி ஐரிஷ் மொழியில் பேசும்போதெல்லாம் குச்சியில் ஒரு வெட்டு. மாலையில் வெட்டுகளை எண்ணி அத்தனை அடி. இதில் மனத்தை வருத்தும் செய்தி என்னவென்றால், இதற்குப் பெற்றோரும் உடன்பட்டிருந்தார்கள் என்பதுதான். அவர்கள் மொழியை வெறுத்தவர்கள் அல்லர். பிள்ளைக்கு ஆங்கிலம் வந்தால்தான் வேலை கிடைக்கும், கடல் கடந்து போனாலும் பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணினார்கள். வறுமை அப்படி எண்ண வைத்தது. 

1845-ஆம் ஆண்டில் பெரும் பஞ்சம் வந்தது. ஏழைகளின் முதல் உணவு உருளைக்கிழங்கு. அந்தச் செடியில் ஒரு நோய் பரவி, கிழங்கு மண்ணிலேயே அழுகியது. 1852 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். மேலும் 10 இலட்சம் பேருக்கு மேல் கப்பலேறி அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் போய்விட்டார்கள். அதிகமாக அடிபட்டவர்கள் மேற்குப் பகுதி ஏழைகள். ஐரிஷ் மொழியை வீட்டில் பேசியவர்களும் பெரும்பாலும் அவர்களே. 1851-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசுவோர் ஏறத்தாழ 15 இலட்சம். 1911-இல் அது 6 இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

மரியாதை வந்தது, பேச்சு வந்ததா?

மொழி அழிந்துவிடும் என்று அஞ்சிய சிலர் 1893-இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதற்குக் கேலிக் சங்கம் என்று பெயர். அதன் முதல் தலைவர் டக்ளஸ் ஹைடு. அதே ஹைடு 1938-இல் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவரும் ஆனார். 1922-இல் நாட்டின் பெரும்பகுதி தன்னாட்சி பெற்றதும் ஐரிஷ் தேசிய மொழி ஆயிற்று. 1937-ஆம் ஆண்டு அரசமைப்பு அதை முதல் அதிகாரத்துவ மொழி என்று எழுதி வைத்தது. பள்ளிகளில் கட்டாயப் பாடம் ஆயிற்று. 2007 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாயிற்று. ஒரு மொழிக்கு இதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்?

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், அயர்லாந்துக் குடியரசின் மக்கள்தொகை 51 இலட்சத்துக்குச் சற்று மேல். அவர்களில் ஐரிஷ் தெரியும் என்று சொன்னவர்கள் 18,73,997 பேர். கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது அல்லவா? அடுத்த கேள்வி, பள்ளிக்கூடத்துக்கு வெளியே அதை நாள்தோறும் பேசுகிறீர்களா என்பது. பேசுகிறோம் என்று சொன்னவர்கள் 71,968 பேர் மட்டுமே. தெரிந்தவர்கள் நூறு பேர் என்றால், தினமும் பேசுகிறவர்கள் நான்கு பேர்கூட இல்லை.

'தெரியும்' என்பதற்கும் 'பேசுகிறேன்' என்பதற்கும் நடுவே இத்தனை பெரிய பள்ளம் ஏன் வந்தது? பள்ளியில் பல ஆண்டுகள் படிக்கிறார்கள்; தேர்வு எழுதுகிறார்கள்; தேர்ச்சியும் பெறுகிறார்கள். வெளியே வந்ததும் ரொட்டிக் கடையில் ஆங்கிலம், பேருந்தில் ஆங்கிலம், காதலிக்கு எழுதும் கடிதமும் ஆங்கிலம். 'இரண்டொரு சொல்' என்று பொருள்படும் 'கூப்லா ஃபோகல்' என்ற தொடர் அங்கே எல்லாருக்கும் தெரியும். மேடையேறும் தலைவர்கள் தொடக்கத்தில் ஐரிஷ் மொழியில் இரண்டொரு சொல் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிடும் வழக்கத்துக்கும் அந்தப் பெயர்தான். மொழி விருந்தாளியாகி விட்டது. விருந்தாளிக்கு நல்ல நாற்காலி போடுவோம். ஆனால் அடுப்படிக்குள் அழைத்துப் போய் உட்கார வைக்க மாட்டோம்.

வானொலி கேட்டுப் போராடிய ஊர்கள்

எல்லா இடத்திலும் அப்படி ஆகிவிடவில்லை. மேற்குக் கடலோரத்திலும் வேறு சில மூலைகளிலும் ஐரிஷ் இன்னும் வீட்டு மொழியாகவே இருக்கும் ஊர்கள் உண்டு. அவற்றுக்குக் 'கேல்டாக்ட்' பகுதிகள் என்று பெயர். டனிகால், மேயோ, கால்வே, கெர்ரி, கார்க், வாட்டர்ஃபோர்டு, மீத் ஆகிய மாவட்டங்களில் அவை சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலும் பாறையும் சதுப்பும் கடலுமான இடங்கள். நல்ல நிலத்தை இழந்தவர்கள் ஒதுங்கிய இடங்கள் என்றும் சொல்லலாம்.

டப்ளின் நகரில் 1926 ஜனவரி 1-ஆம் நாள் அயர்லாந்தின் வானொலி தொடங்கியது. தொடக்கவுரை ஆற்றியவர் நாம் முன்பு சொன்ன டக்ளஸ் ஹைடுதான். அவர் ஐரிஷ் மொழியிலும் பேசினார். ஆனால் பின்வந்த ஆண்டுகளில் அந்த வானொலியில் ஐரிஷ் மொழிக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. கேல்டாக்ட் ஊர்களில் இருந்த மீனவரும் உழவரும் தங்கள் வீட்டுப் பேச்சை வானொலியில் கேட்பது அரிதாக இருந்தது.

1969-இல் கால்வே மாவட்டத்தின் கானமாரா பகுதி இளைஞர்கள் உரிமை இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். தங்கள் மொழியில் ஒரு வானொலி வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. 1970-ஆம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகையின்போது ரோஸ் மக் என்ற சிற்றூரிலிருந்து தாங்களே உரிமமின்றி ஒலிபரப்பத் தொடங்கிவிட்டார்கள்! 'கானமாரா சுதந்திர வானொலி' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நடந்தது சில நாட்களே. ஆனால், இது நம்மால் முடியும் என்பதை ஊருக்கும் அரசாங்கத்துக்கும் காட்டிவிட்டார்கள்.

இரண்டே ஆண்டுகளில் பலன் கிடைத்தது. 1972 ஏப்ரல் 2-ஆம் நாள், மறுபடியும் ஓர் ஈஸ்டர் ஞாயிறு. அன்று 'ரேடியோ நா கேல்டாக்டா' என்ற ஐரிஷ் மொழி வானொலி தொடங்கியது. ஆர். டி. ஈ. எனப்படும் தேசிய ஒலிபரப்புக் கழகத்தின் ஒரு கிளை அது. தலைமை நிலையத்தைத் தலைநகரில் வைக்காமல், கானமாராவில் காஸ்லா என்ற இடத்தில் வைத்தார்கள். முதலில் நாளுக்குச் சில மணி நேரமே ஒலித்தது. 2001 முதல் 24 மணி நேரமும் ஒலிக்கத் தொடங்கியது.

அந்த வானொலியில் உள்ளூர்ச் செய்தி வரும். பந்தாட்ட வருணனை வரும். பழைய நாட்டுப் பாடல் வரும். எந்த ஊரில் யார் காலமானார், நல்லடக்கம் எப்போது என்ற அறிவிப்பும் வரும். இறப்புச் செய்தியை வானொலியில் படிப்பதா என்று நகரத்தார் சிரிக்கலாம். ஆனால் தன் ஊர்க்காரரின் பெயரைத் தன் மொழியில் வானொலி சொல்லும்போது, அந்தப் பெட்டி யாருடைய சொத்தோ அன்று, நம்முடையது என்ற எண்ணம் மனத்தில் பதிகிறது.

இன்னொரு நன்மையும் விளைந்தது. ஐரிஷ் மொழியில் மூன்று பெரிய வட்டார வழக்குகள் உண்டு. 'எப்படி இருக்கிறாய்?' என்பதைத் தெற்கே 'கொனஸ் அதா தூ' என்பார்கள். மேற்கே 'கே ஹீ வில் தூ' என்பார்கள். வடக்கே 'கஜே மர் அதா தூ' என்பார்கள். ஒரு வட்டாரத்தார் பேச்சு இன்னொரு வட்டாரத்தாருக்கு முதலில் சிரமமாக இருந்தது. வானொலியில் கேட்கக் கேட்கக் காது பழகிவிட்டது. எந்த வழக்கையும் தாழ்ந்தது என்று தள்ளாமல் மூன்றையும் ஒலிக்க விட்டதுதான் அதற்குக் காரணம்.

'உயிரோடு இருக்கிறோம், அவ்வளவுதான்'

இனி அந்த மூன்று பெண்களிடம் வருவோம். அதற்கு முன் போட்காஸ்ட் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். நம்மில் சிலர் அதை வலையொலி என்கிறோம். வானொலி நிகழ்ச்சி என்பது அடுப்பிலிருந்து இறக்கிய தோசை மாதிரி. அந்த நேரத்தில் இருந்தால் சூடாகச் சாப்பிடலாம். போட்காஸ்ட் என்பது டின்னில் போட்டு வைத்த முறுக்கு. வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். பேச்சைப் பதிவு செய்து இணையத்தில் வைத்துவிடுகிறார்கள். கேட்பவர் தம் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, பேருந்தில் போகும்போதும் துணி மடிக்கும்போதும் கேட்டுக்கொள்ளலாம். 2004-ஆம் ஆண்டு வாக்கில்தான் அந்தச் சொல்லே பிறந்தது.

2010-க்குப் பின் வந்த ஆண்டுகளில், ரேடியோ நா கேல்டாக்டாவின் வழியாக 'பியோ எர் ஏகன்' என்ற போட்காஸ்ட் வெளிவந்தது. நடத்தியவர்கள் ஷூன் நீ கின், ஆன்யா நீ வ்ரெஷ்லான், ஷினேட் நீ ஊலஹான் என்னும் மூவர். மூவரும் ஊடகத் துறையில் பணிபுரிந்தவர்கள். மூவர் பெயரிலும் 'நீ' என்ற சொல் இருப்பதைக் கவனித்திருப்போம். இன்னார் வழிவந்தவரின் மகள் என்பது அதன் பொருள். ஆண் பெயரில் 'ஓ' என்று வரும். நம் அடையாள அட்டையில் இன்னார் மகன், இன்னார் மகள் என்று குறிப்பதில்லையா? அதைப்போன்ற ஒரு வழக்கம்தான்.

நிகழ்ச்சியின் பெயருக்கு வருவோம். 'பியோ' என்றால் உயிரோடு. 'எர் ஏகன்' என்றால் அரும்பாடு பட்டு. 'ஏதோ உயிரோடு இருக்கிறோம், அவ்வளவுதான்' என்று வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்ணிடம் "எப்படி இருக்கே?" என்று கேட்டால், பெருமூச்சு விட்டு, "இருக்கேன் போ!" என்பாளே, அந்தத் தொனி. பெயரைக் கேட்டவுடனே தெரிந்துவிடுகிறது, இது மொழியின் பெருமையை முழங்க வந்த நிகழ்ச்சி அன்று என்று. வாழ்க்கையின் மேடு பள்ளங்களை மூவரும் தங்களுக்குள் உட்கார்ந்து பேசுவதுபோலப் பேசினார்கள். கேட்பவர் அவர்கள் வீட்டுத் திண்ணையில் நான்காவது ஆளாக உட்கார்ந்துவிடலாம்.

இதில் என்ன பெரிய காரியம்? இதுவரை பார்த்ததை நினைவுகூர்ந்தால் விளங்கும். அந்த மொழியைப் பள்ளியில் படித்த இலட்சக்கணக்கானவர்கள் அதைத் தேர்வுத் தாளோடு சேர்த்தே நினைவு வைத்திருக்கிறார்கள். இலக்கணப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பார்கள் என்ற பயம் இன்னும் போகவில்லை. அப்படிப்பட்டவர் காதில், அதே மொழியில் மூன்று பெண்கள் சிரிக்கிறார்கள், ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுகிறார்கள், அலுத்துக்கொள்கிறார்கள், கேலி செய்கிறார்கள். 'அட, இந்த மொழியில் இதையும் பேசலாமா!' என்ற எண்ணம் வருகிறது. இந்த வியப்புத்தான் முதல் படி.

சின்னப் பேச்சு செய்யும் மூன்று வேலைகள்

நாம் நன்றாகச் சிந்தித்துப் பார்த்தால், இத்தகைய அன்றாடப் பேச்சு மொழிக்கு மூன்று வேலைகளைச் செய்வது தெரியும்.

முதலாவது, சொற்களைப் புழக்கத்தில் விடுகிறது. ஐரிஷ் மொழியில் புதிய சொற்களுக்குப் பஞ்சமில்லை. கணினிக்கு 'ரீவரெ' என்பார்கள். கணக்கிடும் வேலையிலிருந்து பிறந்த சொல். கைப்பேசிக்கு 'ஃபோன் போகா', அதாவது சட்டைப்பைத் தொலைபேசி. 2013 முதல் ஆங்கிலம்–ஐரிஷ் பேரகராதி ஒன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அகராதியில் இருக்கும் சொல் உண்டியலில் போட்ட காசு. அது கை மாறினால்தான் வியாபாரம் நடக்கும். "என் கைப்பேசி எங்கே வைத்தேன்?" என்று ஒருத்தி அந்த மொழியில் அலுத்துக்கொள்ளும்போதுதான் காசு கை மாறுகிறது.

இரண்டாவது, கூச்சத்தைப் போக்குகிறது. தட்டித் தடுமாறிப் பேசும் ஐரிஷ், சாமர்த்தியமான ஆங்கிலத்தைவிட மேல் என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. மொழி தெரிந்தும் வாய் திறவாதவர்களுக்குச் சொன்ன புத்திமதி அது. மேடைப் பேச்சைக் கேட்பவர், 'இப்படி நமக்கு வராது' என்று ஒதுங்குகிறார். சாதாரணப் பேச்சைக் கேட்பவரோ, 'இதை நாமும் பேசலாமே' என்று நெருங்குகிறார்.

மூன்றாவது, இளையவர்களைப் பிடித்து வைக்கிறது. தாத்தா பாட்டி காலத்துக் கதைகளை மட்டுமே ஒரு மொழி பேசினால், பிள்ளைகள் அதைத் தாத்தா பாட்டியிடமே விட்டுவிடுவார்கள். வீட்டு வாடகை, வேலைத் தேடல், கல்யாணச் செலவு, தூக்கமில்லாத இரவு என்று தங்கள் கவலைகளையும் அதே மொழி பேசினால், அது தங்களுடையது என்று எண்ணுவார்கள்.

இந்த மூன்று பெண்கள் மட்டுமே இதைச் செய்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. 1993-இல் டப்ளின் நகரிலேயே 'ரேடியோ நா லிஃபே' என்ற ஐரிஷ் வானொலி தொடங்கியது. பெரும்பாலும் தொண்டூழியர்களை வைத்தே நடந்த அந்த நிலையத்தில், பல இளைஞர்கள் ஒலிபரப்புக் கலையைக் கற்றார்கள். 1996-இல் ஐரிஷ் மொழித் தொலைக்காட்சி ஒன்றும் பிறந்தது. ஒருவர் போட்ட பாதையில்தான் இன்னொருவர் நடக்கிறார். 1970-இல் ரோஸ் மக் ஊர் இளைஞர்கள் துணிந்திராவிட்டால், பின்னாளில் மூன்று பெண்கள் நிம்மதியாக உட்கார்ந்து அரட்டை அடிக்க ஒலிவாங்கி ஏது?

ஒலிபரப்பால் முடியாதது

இனிமேல் ஐரிஷ் மொழிக்குக் கவலையில்லை என்று சொல்லிவிட்டால் அது முழு உண்மை ஆகாது. 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், பள்ளிக்கு வெளியே நாள்தோறும் ஐரிஷ் பேசியவர்கள் 73,803 பேர். 2022-இல் அது 71,968 ஆகக் குறைந்தது என்பதை முன்பே பார்த்தோம். கேல்டாக்ட் பகுதிகளிலேயே அப்படிப் பேசியவர்கள் 20,261 பேர்தான். அந்த ஊர்களில் வீட்டு விலை ஏறிவிட்டது. நகரத்தார் விடுமுறைக்காக வீடு வாங்குகிறார்கள். உள்ளூரில் பிறந்த இளம் தம்பதிக்குக் குடியிருக்க இடம் கிடைப்பதில்லை. அவர்கள் ஆங்கிலம் பேசும் நகரத்துக்குப் போய்விட்டால், பிள்ளைகள் எந்த மொழியில் விளையாடுவார்கள்? வீடும் வேலையும் இல்லாத இடத்தில் மொழிக்கு மட்டும் எப்படி இடம் இருக்கும்? ஒரு போட்காஸ்டால் ஒரு வீட்டைக் கட்டித்தர முடியாது.

இன்னொரு குறையும் உண்டு. போட்காஸ்டைக் கேட்கலாம், அதனோடு திருப்பிப் பேச முடியாது. காது நிறைந்தாலும் வாய் பட்டினி. இதை உணர்ந்த இருவர் 2016-இல் டப்ளின் நகரில் ஒரு புதுமை செய்தார்கள். குறித்த நாளில் ஒரு மதுக்கூடத்தில் கூடுவோம், வருகிறவர் எல்லாரும் ஐரிஷ் பேசுவோம் என்று அறிவித்தார்கள். பாடம் கிடையாது, கட்டணம் கிடையாது, சொற்பொழிவு கிடையாது. சும்மா வந்து பேச வேண்டியதுதான். 'திடீர் கேல்டாக்ட்' என்று சொல்லத்தக்க அந்தக் கூட்டம் வேறு நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் பரவியது. கேட்டுப் பழகிய காதுக்கு, பேசிப் பழக ஓர் இடம் கிடைத்தது.

நேயர்களே, இந்தக் கதையில் நாம் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. சட்டம் ஒரு மொழிக்குக் கூரை போடலாம். பள்ளிக்கூடம் சுவர் எழுப்பலாம். உள்ளே அடுப்பு எரிவது அன்றாடப் பேச்சால்தான். அயர்லாந்தில் கூரையும் சுவரும் எழும்பிய பின்னும் அடுப்பை மறுபடி மூட்ட ஆண்டுக்கணக்கில் பாடுபடுகிறார்கள். அணைந்த அடுப்பை மூட்டுவது எவ்வளவு சிரமம் என்பதை அவர்கள் கணக்கெடுப்பே சொல்கிறது.

நம் வீடுகளில் அந்த அடுப்பு இன்னும் எரிகிறது. அது எரிவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்பதற்கு யாரும் இலக்கணம் படித்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை பாதி ஆங்கிலமும் பாதி மலாயும் கலந்து பதில் சொன்னால், திருத்திக் குட்டுவதைக் காட்டிலும், கதையை முழுதாகக் கேட்டுவிட்டு, அதே செய்தியை நம் சொல்லில் திருப்பிச் சொல்லிச் சிரிப்பது நல்லது. குட்டுப்பட்ட பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். சிரித்த பிள்ளை மறுநாளும் பேச வரும்.

மனிதர்கள் ஒருவர் நிழலில் ஒருவர் வாழ்கிறார்கள் என்பது ஐரிஷ் மக்களின் இன்னொரு பழமொழி. மொழிக்கும் அது பொருந்தும். ஒருவர் மட்டும் பேசினால் அது பேச்சாகாது. கேட்டுப் பதில் சொல்ல இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவராக இருப்பது நம் எல்லாராலும் ஆகும் காரியம்.